கடைசி சேர்ல ஒரு வேலை கீது

பெரிய வியாழன் மத்தியானம். குழாயாண்ட ஒரு பிளாஸ்டிக் டப்பு. தண்ணில கொஞ்சம் மஞ்சத்தூள், கொஞ்சம் ஷாம்பு. நான் முக்காலில குந்தினு கீறேன். எங்கம்மா கீழ உக்காந்து என் எடது கால மடியில வெச்சுகினு, குதிகால கல்லு போட்டு தேய்க்குது.

வலது கால் ஷூவுக்குள்ள கீது. அந்தப் பக்கம் அம்மாவும் பாக்கல, நானும் பாக்கல.

"எடதையே நீட்டிடு"ன்னு அம்மா சொல்லுச்சு. "ஃபாதர் இன்னா, வேற கால் குடுன்னு கேக்கவா போறாரு."

"எல்லாரும் வலதுதான்மா நீட்டுவாங்க."

"நீ எடது நீட்டு. சாமி ஒண்ணும் கோச்சுக்காது."

நான் மணிய பாத்துகினே இருந்தேன். ஆறு மணிக்கு பூசை. தண்ணி சூடு ஆறிப்போச்சு. அம்மா இன்னும் தேய்ச்சிகினு கீது. ஏற்கனவே வெள்ளையா கீற கால இன்னும் இன்னா வெள்ளையாக்குறது? அதுக்கும் பயம், அவ்ளோதான். கைக்கு ஒரு வேலை வேணும்.

போன வாரங்கள்ல எங்க லாரன்ஸ் அண்ணன பத்தி எழுதியிருந்தேன். புதுசா படிக்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. எனக்கு ஒரே அண்ணன். மார்க்கெட்ல ஐஸ் பார் தூக்கற வேலை. இப்போ அவன் உசுரோட இல்ல. நான் ஸ்டெல்லா. எட்டாவதோட நின்னவ. தி.நகர்ல ஒரு கடைல சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன். சாந்தோம் பக்கத்துல குப்பத்துல வூடு. என் வலது பாதம் பொறக்கும்போதே உள்பக்கமா மடங்கி பொறந்துச்சு. கைக்கொழந்தையா இருக்கும்போது மாவுக்கட்டு போட்டு பாதில விட்டுட்டாங்க. அதனால பாதத்தோட வெளி ஓரத்துலதான் நான் நடக்கறேன். ஐஸ் ஹவுஸ் ஏரியால ஒரு பாய் ஒரு பக்கம் அடி ஒசத்தி வெச்சு ஷூ செஞ்சு தர்றாரு. அத போட்டுகினா தாங்கி தாங்கி நடக்கறது கொஞ்சம் மறையும்.

கழுவிகினு போற கால்

ஆண்டவர் சாவறதுக்கு முன்னாடி ராத்திரி சீஷங்க காலக் கழுவினாரு இல்ல, அத நெனச்சுகினுதான் பெரிய வியாழன் அன்னிக்கு கோயில்ல பன்னெண்டு பேர உக்கார வெச்சு ஃபாதர் கழுவுவாரு. ஆளுக்கு ஒரு கால், வலது கால்.

எங்க குப்பத்துல ஒரு பழக்கம் கீது. கழுவப்போற கால முன்னாடியே கழுவிடுவாங்க. சும்மா இல்ல. நகம் வெட்டி, வெடிப்புக்கு வேஸ்லின் போட்டு, ஒருத்தர் பவுடர் கூட போட்டுகினு வருவாரு. அண்ணன் அத பாத்துட்டு சொல்லுவான், "இவங்கோ கால்ல ஃபாதர் சோறு போட்டு துன்லாம். கழுவறதுக்கு இன்னா கீது?"

பேதுரு மொதல்ல என் கால கழுவக்கூடாதுன்னு சொன்னாரு இல்ல, அதுக்கும் அண்ணன் ஒரு காரணம் வெச்சிருந்தான். மீன் புடிக்கறவன் கால் எப்டி இருக்கும், உப்புல ஊறி வெடிச்சு, விரல் சந்துல செதிலு ஒட்டிகினு. அத போய் ஆண்டவர் தொடறதான்னு அந்தாளுக்கு கூச்சம், வேற ஒண்ணும் இல்லன்னுவான். எனக்கு அது ரொம்ப புடிக்கும். பெரிய அப்போஸ்தலரு, அவரும் கால மறைச்சிருக்காரு.

எங்க கோயில்ல சேர் வூட்டுக்கு வூடு வரும். ஒரு வூட்டுக்கு வந்த சேர் அந்த வூட்டுதுதான். அந்த வூட்ல ஆள் வரலன்னா அடுத்த வூட்டுக்குப் போயிடும், திரும்பி வராது. எங்க நைனா இருக்கறவரைக்கும் அவரு உக்காருவாரு. அவருக்கப்பால அண்ணன். எந்த சேர் குடுத்தாலும் மாத்திகினு கடைசி சேருக்குப் போயிடுவான்.

ஏன்டா கடைசிலன்னு ஒருதபா கேட்டேன். சட்டைக்கைய மடிச்சு விட்டுகினே சிரிச்சான்.

"அந்த சேர்ல எனக்கு ஒரு வேலை கீது, டெல்லா."

உக்காந்து கால நீட்டறதுல இன்னா வேலைன்னு நான் விட்டுட்டேன்.

இந்த வருஷம் தவக்காலம் முடியப்போற நேரம் உபதேசியார் வூட்டுக்கு வந்தாரு. கோயில் வேலையெல்லாம் பாத்துக்கறவரு. வாசல்ல நின்னுகினே, லாரன்ஸ் சேருக்கு யாருன்னு கேட்டாரு. ஆம்பள ஆள் இல்லன்னா வேற வூட்டுக்கு குடுத்துடலாமான்னாரு. இப்போ பொம்பளைங்களும் உக்காரலாம்னு ஃபாதர் சொல்லிட்டாரு, அதனால கேக்கறேன்னாரு.

அம்மா மீன் கூடைய கழுவிகினு இருந்துச்சு. தலைய தூக்காம சொல்லுச்சு, "எம்பொண்ணு உக்காரும்."

உபதேசியார் என் ஷூவ பாத்தாரு. டக்குனு வேற எங்கயோ பாத்தாரு.

அவரு போனதும் நான் அழுதேன். அம்மாவும் அழுதுச்சு. அவன் சட்டைய குடுத்துட்டோம், செருப்ப குடுத்துட்டோம், சேரையும் குடுத்துட்டா அவன்னு ஒருத்தன் இருந்தான்றதுக்கு இன்னாடி கீதுன்னு கேட்டுச்சு.

கொஞ்சம் உக்காந்துக்கறேன்

ஐஸ் பார் தூக்கி பாத்தவங்களுக்கு தெரியும். கனம் ஒரு பக்கம், வழுக்கறது ஒரு பக்கம். கைல தூக்குனா போச்சுன்னுவான் அண்ணன். மூச்ச உள்ள இழுத்து அடிவயித்துலருந்து தூக்கணும், கால் தரைய புடிச்சிக்கணும். வூட்ல கேஸ் சிலிண்டர ஒரு கைல தூக்குவான். என்னையும் அப்டித்தான் தூக்குவான், நான் வளந்தப்புறம் கூட.

அன்னிக்கு காலைல ரெண்டாவது லோடு எறக்கும்போது, "கொஞ்சம் உக்காந்துக்கறேன்"னு கூட இருந்தவங்க கிட்ட சொல்லியிருக்கான். ஐஸ் வண்டி சக்கரத்துல சாஞ்சு உக்காந்தான். அவ்ளோதான். ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கும்போதே இல்லன்னுட்டாங்க. அவன் கையி சில்லுனு இருந்துச்சு. ஆனா அவன் கை எப்பவுமே சில்லுனுதான இருக்கும், ஐஸ் தூக்கறவன் கை. அதனால நான் நம்பல. தேய்ச்சு தேய்ச்சு பாத்துகினு இருந்தேன்.

அதுலருந்து எனக்கு ஒரு பயம். யாராச்சும் கொஞ்சம் உக்காந்துக்கறேன்னு சொன்னா உசுரு போயிட்டு வருது. பஸ்ல ஒரு அம்மா சொன்னாங்க, நான் பாதி வழில எறங்கிட்டேன். கடைல மொதலாளி தண்ணி குடிச்சிட்டு கொஞ்சம் உக்காந்துக்கறேன்னாரு. நான் மெஷின நிறுத்திட்டு அவரு நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்துகினே இருந்தேன். இன்னா பாக்கறன்னு கேட்டாரு. ஒண்ணும் இல்ல சார்னேன்.

இரும்பு மாதிரி இருந்தவன் போயிட்டான். கோணக்காலு நான் கீறேன். இதுல இன்னா கணக்குன்னு எனக்கு புரியல. இப்பவும் புரியல.

ஷூவ கழட்டு

என் கால வெளியாளுங்க கூட்டமா பாத்தது ஒரே ஒருதபாதான். அப்போ எனக்கு ஒம்பது வயசோ பத்து வயசோ.

யாரோ சொன்னாங்கன்னு அம்மா என்ன ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு இட்டுகினு போச்சு. பெரிய கிரவுண்டு, எங்க பாத்தாலும் டியூப்லைட்டு. எங்க கோயில் இல்ல, ஊர் விட்டு ஊர் வந்து நடத்தறவங்க. மேடைல ஏத்திட்டாங்க. பிரசங்கம் பண்றவரு மைக்க என் மூஞ்சிக்கு நேரா வெச்சுகினு, விசுவாசம் இருந்தா ஷூவ கழட்டு, எழுந்து நடன்னாரு. கூட்டம் மொத்தமும் சத்தம் போடுது. நான் கழட்டுனேன். விசுவாசம் இருந்துச்சு, நெஜமா இருந்துச்சு. நடந்தேன்.

ரெண்டாவது எட்டுல வுழுந்தேன். மைக் ஒயர் கால்ல சுத்திகிச்சு. ஸ்பீக்கர்ல கொய்ங்குனு ஒரு சத்தம். என் கால் அங்க அத்தினி லைட்டுக்கும் கீழ, எல்லார் கண்ணுக்கும் நேரா, திரும்பி கெடக்குது. இந்தப் பொண்ணுக்கு இன்னும் விசுவாசம் வேணும்னு அவரு மைக்ல சொன்னாரு.

அண்ணன் அப்போ மீச கூட மொளைக்காதவன். கம்பு கட்டுன தடுப்ப தாண்டி மேடைல ஏறி என்ன தூக்கிகினு எறங்கினான். யார்கிட்டயும் ஒண்ணும் பேசல. பஸ் ஸ்டாப்புல எறக்கி விட்டு ஷூ மாட்டி விட்டான். நான் இனிமே நடக்கவே மாட்டேன், பயமா கீதுன்னு அழுதேன்.

"பயந்துகினே நட. இன்னா இப்போ"ன்னான்.

அதுக்கப்பால அந்த ஷூவ நான் அம்மா, அண்ணன், அளவு எடுக்கற பாய் தவிர யார் முன்னாடியும் கழட்டுனது இல்ல. கோயில் உள்ள எல்லாரும் செருப்ப வெளிய வுட்டுட்டு வருவாங்க. நான் மட்டும் கடைசி பெஞ்சுல ஷூவோட உக்காருவேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஒண்ணும் சொல்லாததே எனக்கு கேக்கும்.

மோசேவோட அண்ணன்

எனக்கு பைபிள் படிச்சு காட்டுனது அண்ணன்தான். வேலை முடிஞ்சு மத்தியானம் வந்து சாப்ட்டு படுத்துகினே படிப்பான். நான் ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைச்சிகினு கேப்பேன். பாதிய படிப்பான், பாதிய அவனே சொல்லுவான்.

யாக்கோபு கதை எனக்காகவே படிப்பான்னு நெனைக்கிறேன். விடிய விடிய ஒருத்தர்கூட மல்லு கட்டுறாரு. வந்தவரு யாக்கோபு தொடையில ஒரு தட்டு தட்டிட்டாரு. அதுலருந்து யாக்கோபு நொண்டிகினே நடக்கறாரு. ஆசீர்வாதமும் அதே ராத்திரிதான் கெடைக்குது. கால் அப்பால சரியாச்சுன்னு எங்கயும் இல்ல. நான் தேடச் சொன்னேன், அவன் தேடி பாத்தான், இல்ல.

பவுலுக்கு ஒடம்புல முள்ளு மாதிரி ஒண்ணு. எடுத்துடுங்கன்னு ஆண்டவர் கிட்ட மூணுதபா கேட்டாரு. எடுக்கல. உன் பலவீனத்துலதான் என் பலம் முழுசா வேலை செய்யும், அது போதும் உனக்குன்னு பதில் வந்துச்சு. அண்ணன் இத படிக்கும்போது எனக்கு கோவம் வரும். எடுத்தா இன்னா கொறஞ்சிடும்? அண்ணன் சொன்னான், "எனக்கும் தெரியல டெல்லா. ஆனா எடுத்துட்டாருன்னு பொய் எழுதல பாரு. அதனால நான் நம்பறேன்."

அவன் போனப்புறம் நான் படிக்கல. போன்ல பைபிள யாரோ படிக்கறா மாதிரி ஒண்ணு கீது, அத காதுல மாட்டிகினு ஃபால்ஸ் அடிப்பேன். அப்டி ஒருநாள் மோசே வந்தாரு. ராஜா கிட்ட போய் பேசுன்னு ஆண்டவர் சொன்னா, எனக்கு வாய் திக்கும், நான் போக மாட்டேன்றாரு. ஆண்டவர் வாய சரி பண்ணல. உன் அண்ணன் ஆரோன் கீறான் இல்ல, நல்லா பேசுவான், அவன கூட அனுப்பறேன்றாரு.

நான் மெஷின நிறுத்திட்டேன். அதான, எனக்கும் அதான குடுத்தாரு. கால் குடுக்கல, அண்ணன குடுத்தாரு.

அப்பால எனக்கு கேக்காம இருக்க முடியல. தெனமும் பஸ்ல, கடைல, விட்ட எடத்துலருந்து கேட்டேன். ஒருநாள் வந்துச்சு அந்த எடம். மலை மேல ஆரோன் செத்துட்டாரு. மோசேவுக்கு முன்னாடியே. அவரு போட்டுகினு இருந்த உடுப்ப கழட்டி ஆரோன் புள்ளைக்கு போட்டுட்டு மோசே அண்ணன் இல்லாம எறங்கி வர்றாரு. பாண்டிபஜார் ஸ்டாப்புல நின்னுகினு அழுதேன். பக்கத்துல இருந்தவங்க இன்னாச்சும்மான்னு கேட்டாங்க. ஆரோன் செத்துட்டாருன்னா சொல்ல முடியும்.

அதுக்கப்புறம் மோசே இன்னா பண்ணாருன்னு தெரிஞ்சிக்க நான் கேட்டுகினே இருந்தேன். பேசினாரு. திக்கற வாய வெச்சுகினு அத்தினி ஜனத்துக்கும் முன்னாடி நின்னு அவரே பேசினாரு. திக்கு போச்சுன்னு எங்கயும் சொல்லல.

நீட்டின கை

கோயிலுக்கு போனோம். மத்தவங்க செருப்ப வெளிய வுட்டாங்க. நான் எடது செருப்ப மட்டும் வுட்டுட்டு வலது ஷூவோட உள்ள போனேன். அடி ஒசந்த ஷூ ஒரு பக்கம், வெறுங்கால் ஒரு பக்கம். எப்பவும் விட ஜாஸ்தியா சாஞ்சுது. டக்கு, டக்குனு மொசைக் தரைல என் சத்தம் மட்டும்.

பீடத்துக்கு முன்னாடி வரிசையா பன்னெண்டு சேரு. கடைசி சேர்ல உக்காந்தேன். ஃபேன் காத்து வரல. மல்லிப்பூ, மெழுகுவத்தி, பக்கத்து சேர் தாத்தாவோட பவுடரு. எல்லாம் சேந்து மூக்குல ஏறுது. பொடவைய இழுத்து ஷூவ மூடிகினேன்.

எங்க ஃபாதர் வயசானவரு, பெருத்த ஒடம்பு. முட்டி போயிடுச்சு. ஒவ்வொருத்தர்கிட்டயும் உக்காந்து எழுந்தா தாங்காதுன்னு, ஒருதபா மண்டி போட்டாருன்னா முட்டிலயே நகந்து நகந்து கடைசி வரைக்கும் வருவாரு. சொம்புல தண்ணி ஊத்த ஒருத்தன், துண்டு புடிக்க ஒருத்தன். தண்ணி வுழற தொட்டிய அவரே தள்ளிகினு வருவாரு. அது தரைல தேயற சத்தம் கிட்ட வந்துகினே கீது.

வந்துட்டாரு. எடது கால நீட்டுனேன். அவரு பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. தண்ணி வுட்டாரு, தொடச்சாரு, குனிஞ்சு முத்தம் குடுத்தாரு. முடிஞ்சுது. எனக்கு உசுரு வந்துச்சு. ஒருத்தருக்கும் தெரியல. தப்பிச்சிட்டேன்.

தண்ணி ஊத்துனவனும் துண்டு புடிச்சவனும் எப்பவும் போல பீடத்துப் பக்கம் திரும்பி போயிட்டாங்க. பாட்டு நடந்துகினு கீது, எல்லாரும் பாட்டு புக்க பாத்துகினு கீறாங்க.

ஃபாதர் எழுந்துக்கல.

தலை குனிஞ்ச மேனிக்கே, என்ன பாக்காம, வலது கைய மேல நீட்டினாரு. உள்ளங்கைய விரிச்சு. தெரிஞ்ச ஒருத்தர் கிட்ட நீட்டறா மாதிரி, வந்து புடிப்பாங்கன்னு இருக்கறா மாதிரி. அந்த கை காத்துல நின்னுகினு இருந்துச்சு.

அப்பதான் எனக்கு புரிஞ்சுது, கடைசி சேர்ல அண்ணனுக்கு இன்னா வேலைன்னு.

ஃபாதரும் அப்பதான் நிமிந்தாரு. என் மூஞ்சிய பாத்தாரு. அவரு மூஞ்சி வாடிப்போச்சு. கைய எறக்கி தரைல ஊனிகினாரு. நெத்தில வேர்வை. ஒதடு வெளுத்துகினு வருது. எனக்கு மட்டும் கேக்கறா மாதிரி சொன்னாரு.

"கொஞ்சம் இப்டியே இருக்கேம்மா."

கொஞ்சம். ஐஸ் வண்டி சக்கரம் கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்குது. இவரும் போப்போறாரு, என் காலடில போப்போறாரு.

அவரு கைய புடிச்சு எழுந்தேன். ஈரக்கால் மொசைக்ல வழுக்குச்சு. அந்தப் பக்கம் ஒசந்த ஷூ, இந்தப் பக்கம் ஈரம். பொத்துனு திரும்ப சேர்லயே வுழுந்தேன். பாட்டு நின்னுபோச்சு. இப்போ எல்லாரும் பாக்கறாங்க.

ஷூ போட்டுகினு தூக்க முடியாது. அது எனக்கு தெரிஞ்சுபோச்சு.

குனிஞ்சேன். ஷூவோட ஒட்டுப் பட்டிய இழுத்தேன். சர்ருனு அந்த சத்தம் கோயில் முழுக்க கிழிச்சுகினு போச்சு. அந்த மேடை லைட்டு, ஸ்பீக்கர் சத்தம், எல்லாம் திரும்ப வந்துச்சு. கழட்டி வெச்சேன். கோணப்பாதத்த தரைல வெச்சேன்.

அந்த காலோட ஓரத்துல இத்தினி வருஷம் நடந்து நடந்து காய்ச்சுபோயி கட்டியா கீது. அம்மா தேய்ச்ச வழவழ காலு வழுக்குச்சு. இது வழுக்கல. தரைய கவ்விகிச்சு.

அவரு அக்குளுக்கு அடில ரெண்டு கையும் குடுத்தேன். மூச்ச உள்ள இழுத்தேன், அடிவயித்துலருந்து. என் தோள்ல அவரு பாரம் மொத்தமும் எறங்குச்சு. தொட்டி கவுந்துச்சு, அத்தினி பேர் கால் கழுவுன தண்ணியும் என் பாதத்து மேல ஓடுச்சு. நான் தூக்குனேன்னு சொல்ல மாட்டேன். என்னால அந்த ஆள தூக்க முடியாது, என்ன பாத்தவங்களுக்கு தெரியும். ஆனா அவரு எழுந்துட்டாரு. ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சுகினு நின்னோம்.

கால் சரியாவல. யாரும் அல்லேலூயா சொல்லல. எல்லாரும் பாத்தாங்க, பாத்துகினேதான் இருந்தாங்க. நான் நின்னேன்.

பூசை முடிஞ்சு பின்னாடி ரூம்ல அவரு உக்காந்துகினு தண்ணி குடிச்சாரு. நான் வாசல்ல நின்னு அவரு நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்தேன். ஏறி எறங்குச்சு. கூப்ட்டாரு.

"வருஷா வருஷம் அவன்தாம்மா தூக்குவான். யாருக்கும் தெரியாது. இன்னிக்கும் கைய நீட்டிட்டேன். நீட்டினப்புறம்தான் அவன் இல்லன்றதே ஞாபகம் வந்துச்சு"ன்னாரு. கண்ண தொடச்சுகினாரு. எனக்கு தெரியும் ஃபாதர்னேன். நானும் தெனமும் மூணு தட்டு எடுத்து வெக்கறேன், அப்பால ஒண்ண எடுத்து உள்ள வெக்கறேன்.

வெளிய வந்தேன். அம்மா படிக்கட்டுல நின்னுகினு கீது. என் ஷூ அது கைல. பொடவை தலைப்புல மூடல, கூடைக்குள்ள வெக்கல. ஜனம் போய்கினு கீற வழில நடுவுல நின்னு, சும்மா கைல புடிச்சுகினு கீது.

போட்டுக்கறியான்னு கேட்டுச்சு. கால் இன்னும் ஈரமா கீதுன்னேன்.

தெருவுல எறங்கினோம். கடல் காத்து. மண்ணு கால்ல ஒட்டுது. நாலு பேரு திரும்பி பாக்கறாங்க. அம்மா என் கைய புடிச்சிச்சு.

"பயமா கீதா?"

"கீது."

"எனக்குந்தான். நட."